எழும்பாத கணினி: ஒரு வாரக் குறிப்பு

மே 6, 2025, செவ்வாய்

இரவு ஒன்பது மணிக்கு அக்கா காரைக்குடியிலிருந்து கூப்பிட்டாள். "தம்பி, கடை சிஸ்டம் ஆன் ஆகுது, உள்ள போக மாட்டேங்குது. கருப்பு ஸ்கிரீன்ல எழுத்தா ஓடி நின்னுடுது." டிடிபி கடை. வைகாசி முகூர்த்தங்களுக்கான பத்திரிகை வேலை எல்லாம் அந்த ஒரே டிஸ்கில் இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஹார்டு டிஸ்க் போச்சு, புதுசு போட்டு ஃபார்மட் பண்ணிடலாம்" என்றாராம். ஃபார்மட் என்ற சொல் என்னை உலுக்கிவிட்டது. யாரையும் தொடவிடாதே, பிளக்கைப் பிடுங்கி வை, நாளைக்கு வருகிறேன் என்றேன்.

எதுவரை போகிறது என்பதை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பயாஸ் லோகோ வருகிறது. எந்த சிஸ்டத்தை ஏற்றுவது என்று கேட்கும் க்ரப் மெனு வருகிறது. சிஸ்டத்தின் மையமான கர்னல் ஓட ஆரம்பிக்கிறது. கடைசியில், முழு சிஸ்டம் ஏறுமுன் வரும் தற்காலிகக் கட்டமான இனிட்ராம்எஃப்எஸ்ஸின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டு நிற்கிறது. இது நல்ல செய்தி. போர்டும் பிராசஸரும் மெமரியும் ஓரளவு உயிரோடு இருந்தால்தான் இவ்வளவு தூரம் வரும். க்ரப் வந்ததென்றால் டிஸ்கையும் கொஞ்சமாவது படித்திருக்கிறது. அதன் பிறகு, சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய, அதாவது திறந்து இணைக்க, முடியாமல் நின்றிருக்கிறது.

மே 7, புதன்

காலை பஸ்ஸில் மதுரையிலிருந்து போய்ச் சேர்ந்தேன். அத்தான் கடையைப் பாதி திறந்து வைத்திருந்தார். 2013-இல் வாங்கிய டெஸ்க்டாப், 500 ஜிபி டிஸ்க், நான் போட்டுக் கொடுத்த உபுண்டு 22.04 லினக்ஸ்.

திரையிலேயே ஆலோசனை இருந்தது: டிஸ்கின் கோப்பு அமைப்பைச் சோதித்துப் பழுது நீக்கும் எஃப்எஸ்சிகே-யைக் கையால் ஓட்டு என்று. நான் ஓட்டவில்லை. எஃப்எஸ்சிகே டிஸ்கில் எழுதும். வன்பொருள் கோளாறு இருக்கிறதா என்றே தெரியாதபோது எழுதவிட்டால், அரைகுறையாகப் படித்ததை வைத்துக்கொண்டு நல்ல கோப்பையும் கிழித்துப் போட்டுவிடும். முதலில் நகல், பிறகுதான் வைத்தியம்.

கொண்டுபோன பென் டிரைவிலிருந்து, டிஸ்கில் நிறுவாமலே ஓடும் லைவ் உபுண்டுவை ஏற்றினேன். டிஸ்க் செருகியிருந்தால் ஐந்து நிமிடம் இழுத்தது. டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஏற்றினால் ஒரு நிமிடத்தில் மேசை வந்துவிட்டது. திரும்பச் செருகி, கர்னல் எழுதும் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பார்த்தால் "ஹார்டு ரீசெட்டிங் லிங்க்", அதாவது டிஸ்கோடு உள்ள இணைப்பை மறுபடி தொடங்குகிறேன் என்று, வரிசையாக வருகிறது, நடுநடுவே படிக்க-எழுத முடியவில்லை என்ற ஐ/ஓ எரர். இதைப் படிக்கும் யாரும் டிஸ்க் போய்விட்டது என்றுதான் சொல்வார்கள். பக்கத்துக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன், போர்டில் வேறு போர்ட்டிலும் குத்தினேன். மாற்றமில்லை. டிஸ்கைக் கழற்றித் துணியில் சுற்றி ஊருக்கு எடுத்து வந்தேன்.

மே 8, வியாழன்

டிஸ்கைத் தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி டாக்கில் வைத்து, லேப்டாப்பில், பழுதான டிஸ்கையும் நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ ஓட்டினேன். எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் கோப்போடு ஓட்டினால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். படிக்க முடியாத இடங்களைக் கடைசிக்குத் தள்ளி வைக்கும். அப்படி எந்த இடமும் இருக்கவில்லை. 500 ஜிபியும் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது, ஒரு பிழைகூட இல்லாமல்.

நகல் கிடைத்த நிம்மதியைவிட ஆச்சரியம்தான் அதிகம். சாகிற டிஸ்க் இப்படி நடந்துகொள்ளாது.

அப்புறம், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண்களாகக் குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்தேன். எண் 5, கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கிய செக்டர் (டிஸ்கின் சிறு துண்டு): பூஜ்யம். 197, படிக்க முடியாமல் மாற்றத்துக்குக் காத்திருக்கும் செக்டர்: பூஜ்யம். 199, கேபிள் வழியே தரவு வரும்போது ஏற்படும் சிஆர்சி பிழை: 3. இந்த எண்ணிக்கை ஒருபோதும் குறையாது, அதனால் பழைய 3 ஒன்றையும் சொல்லாது, ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. ஏறவில்லை. யாரும் அதிகம் பார்க்காத இரண்டு வரிகளில்தான் கதை இருந்தது. 12, மின்சாரம் வந்து போன எண்ணிக்கை. 192, திடீரென மின்சாரம் போனதால் தலையை உள்ளிழுத்த எண்ணிக்கை. கடையில் நேற்றுக் காலையே இரண்டையும் குறித்திருந்தேன். நேற்று நான் மெஷினை ஆறு முறைதான் ஆன் செய்தேன். எண் 12 முப்பத்தொன்று கூடியிருக்கிறது. 192-ம் கூடவே ஏறியிருக்கிறது.

அதாவது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்குக்கு மட்டும் மின்சாரம் போய்ப் போய் வந்திருக்கிறது.

மே 9, வெள்ளி

நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்து, அதைப் படிக்க மட்டும் என்று, கோப்பு அமைப்பின் மாற்றக் குறிப்பான ஜர்னலைத் தொடாமல் மவுண்ட் செய்தேன். சிஸ்டம் நாள்தோறும் எழுதி வைத்த பழைய சிஸ்டம்டி பதிவுகளை ஜர்னல்சிடிஎல் கட்டளை வழியாகப் படித்தேன். மூன்று வாரமாகவே லிங்க் ரீசெட் விழுந்திருக்கிறது, அக்காவுக்குத் தெரியாமலே. அச்சுப் பதிவை எடுத்து நேரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலான ரீசெட்டுகள் லேசர் பிரின்டருக்கு வேலை போன அடுத்த சில நொடிகளில்.

லேசர் பிரின்டரில் டோனரைத் தாளில் உருக்க ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது சூடேறும்போது ஒரே இழுப்பில் நிறைய கரண்ட் எடுக்கும், கண் சிமிட்டும் நேரம் லைனில் வோல்டேஜ் இறங்கும். கணினிக்குள் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் நல்லதாக இருந்தால், தன் கெபாசிட்டர்களில் தேக்கி வைத்ததைக் கொண்டு அந்த நொடியைத் தாண்டிவிடும். கெபாசிட்டர் காய்ந்துபோனால் தாண்டாது. அக்காவிடம் போனில் கேட்டேன். பிரின்டரும் சிஸ்டமும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தானாம்.

மே 10, சனி

மறுபடி காரைக்குடி. வேறு எதுவும் ஒளிந்திருக்கக் கூடாது என்று நேற்றிரவே அத்தானை, மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓடவிடச் சொல்லியிருந்தேன். காலையில் பார்த்தால் பல சுற்று முடிந்து பிழை பூஜ்யம். மெமரி தப்பித்தது.

மல்டிமீட்டரை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் உபரி மோலெக்ஸ் மின் இணைப்பில் வைத்தேன், மஞ்சளுக்கும் கருப்புக்கும் நடுவில். 12 வோல்ட் இருக்க வேண்டிய இடம், 5 சதவீதம் வரை விலகலாம், அதாவது 11.4 வரை பொறுக்கலாம். சும்மா இருக்கும்போது 11.6. பழைய டிஸ்க் ஒன்றைச் செருகிச் சுழலவிட்டதும் 11.2. பிரின்டரில் ஒரு பக்கம் அடிக்கச் சொன்னேன். மீட்டர் 10.9-ஐத் தொட்டது, டிஸ்க் "டிக்" என்று நின்று மறுபடி சுழன்றது. அத்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

எஸ்எம்பிஎஸ்ஸின் ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்ளே இரண்டு கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. திறக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கி அடிக்கிற அளவுக்குச் சார்ஜ் நிற்கும்.

கடைத்தெருவில் புது 450 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினோம். அதே மீட்டர், அதே டிஸ்க், அதே பிரின்டர்: 12.1, அசையவில்லை.

மே 11, ஞாயிறு

காலையில் அக்காவின் டிஸ்கை மாட்டி, லைவ் உபுண்டுவிலிருந்து எஃப்எஸ்சிகே ஓட்டினேன். நகல் பையில் இருக்கும் தைரியம். கோப்புகளின் விவரம் வைத்திருக்கும் சில ஐநோடுகளைச் சரிசெய்தது, இடம் தெரியாத கோப்புகளுக்கான லாஸ்ட்+ஃபவுண்டில் மூன்று கோப்புகளைப் போட்டது. மூன்றும் பிரவுசரின் கேஷ். ரீபூட். க்ரப், கர்னல், லாகின் திரை.

அக்கா எதுவும் பேசாமல் பத்திரிகை வரையும் இங்க்ஸ்கேப்பைத் திறந்து, நின்றுபோன ஒரு பத்திரிகையைத் தேடி எடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்தை மாற்றிவிட்டார்களாம். அந்த ஒரு வரியைத் திருத்தி பிரின்ட் கொடுத்தாள். பிரின்டரை நேற்றுப் பிற்பகலே சுவரில் தனி பிளக்குக்கு மாற்றியாகிவிட்டது. நான் டிமெசேஜைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது தாள் வந்தது. ஒரு ரீசெட்கூட இல்லை.

கடைசி பஸ்ஸுக்குள் இன்னொரு வேலை முடித்தேன்: வெளி டிஸ்கில் தினமும் இரவு எட்டரைக்கு, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் ஓடும்படி வைத்தேன். அக்கா அந்த நேரத்தை மானிட்டரின் ஓரத்தில் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினாள்.