முள்ளைச் சுற்றிய கூட்டம்

ஆறாம் படிவத்தில் எங்களுக்கு உயிரியல் எடுத்த டீச்சர், நோய் எதிர்ப்பு பாடத்தை 1882-இல் சிசிலித் தீவின் மெசினாவிலிருந்து தொடங்கினார். அங்கே மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, கண்ணாடிபோலத் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. கிருமியை விழுங்கும் செல்கள் என்ற கருத்து அங்கே பிறந்தது. 1908-இல் பால் எர்லிக்குடன் அவருக்கு நோபல் பரிசும் வந்தது.

கதையை முடித்துவிட்டு டீச்சர் கேட்டார்: “காப்பாத்த வந்த கூட்டமே இடத்த அடச்சிட்டா என்னாகும்? யோசிச்சிட்டு வாங்கப்பா.” தேர்வுக்கு வராத கேள்வி என்று பலர் அதை விட்டுவிட்டார்கள். என்னை அது விடவில்லை. நான் மருத்துவம் படித்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

இப்போது அமெரிக்காவில், கனெக்டிகட் மாநிலத்தில் இதயப் பிரிவில் வேலை செய்கிறேன். லைம் என்ற ஊர் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. 1970-களில் இங்கே பல பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கியதை ஆராயப்போய்த்தான் லைம் நோய் அடையாளம் காணப்பட்டது. பினாங்கின் தண்ணீர்மலையில் ஏறி இறங்கி வளர்ந்த நமக்கு அட்டையும் கொசுவும் தெரியும். இங்கே பயப்பட வேண்டியது, எள்ளளவே இருக்கும் உண்ணிக்கு. அது கடிக்கும்போது பொரீலியா என்னும் சுருள் வடிவக் கிருமி உள்ளே போகிறது.

பதிவாகும் நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இதயம் பாதிக்கப்படுகிறது. ஆனால் அந்த ஒருவரைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நேற்றுவரை ஓடியாடிய இளைஞர் திடீரென மயங்கி விழுவார். ஈ.சி.ஜி. எடுத்தால், மேலறையின் மின் சமிக்ஞை கீழறைக்கு இறங்காமல் நின்றிருக்கும்.

சென்ற தைப்பூசத்துக்கு ஊர் வந்தபோது, ஆயர் ஈத்தாமில் டீச்சரைப் பார்த்து இதைத்தான் சொன்னேன். டீச்சர் அன்று கேட்ட ‘காப்பாத்த வந்த கூட்டம்’ இந்த நோயில் இதயத்துக்குள் என்ன செய்கிறது என்பதைச் சுண்டெலி ஆய்வுகள் ஓரளவு காட்டியிருக்கின்றன. வீங்கிய மூட்டில் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளை அணுக்கள் நிறைந்திருக்கும். இதயத்தில் பெரும்பாலும் மேக்ரோஃபேஜ்கள், மெச்னிகோவ் சொன்ன அதே விழுங்கும் செல்கள். கிருமியை இனங்கண்டு பிறகு வந்து தாக்கும் டி செல்லும் பி செல்லும் இல்லாமல் பிறந்த எலிகளுக்கும் இதயம் வீங்குகிறது. ஆக, வீக்கத்தைத் தொடங்க, முதலில் ஓடிவரும் இந்த விழுங்கும் செல்களின் வரிசையே போதும். ஆனால் தொற்று வந்து எதிர்ப்பு பெற்ற எலியின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) அந்த எலிகளுக்கு ஏற்றினால் வீக்கம் வடிகிறது. அதாவது வீக்கம் அடங்குவதற்கு, பி செல்கள் உண்டாக்கிச் சீரத்தில் மிதக்கும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி வேண்டும்.

இன்னொன்றைச் சொன்னதும் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிருமியின் மேலுள்ள லிப்போபுரதத்தை (கொழுப்பு சேர்ந்த புரதத்தை) மோப்பம் பிடிக்கும் டி.எல்.ஆர்.2 என்ற உணர்வான் இல்லாத எலிகளில், கிருமி பல மடங்கு பெருகிவிடுகிறது. என்.கே.டி. என்னும் ஒருவகை டி செல்கள் இல்லாத எலிகளிலோ இதய வீக்கம் கூடுகிறது. அந்தச் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம்தான் மேக்ரோஃபேஜ்களை நன்றாக விழுங்கவைக்கிறது. கூட்டம் வேலையை ஒழுங்காகச் செய்தால் வீக்கமும் குறையும் என்பதே என் கணிப்பு.

“அப்ப நீங்க கொடுக்கிற மருந்து கூட்டத்த அடக்கவா, கிருமியக் கொல்லவா?” என்றார் டீச்சர். எண்பதை நெருங்கியும் அதே கூர்மை!

கிருமியைக் கொல்லத்தான். மின் சமிக்ஞையின் அடைப்பு கடுமையாக இருந்தால் ரத்த நாளம் வழியாக செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக், தேறியபின் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு வழக்கமாகக் கொடுப்பதில்லை; அதனால் பலன் உண்டென்று நிரூபணமாகவில்லை. துடிப்பு மிகவும் குறைந்தால், இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவியான பேஸ்மேக்கர், தற்காலிகமாக. பெரும்பாலானோருக்கு நாட்களிலோ வாரங்களிலோ துடிப்பு சீராகிவிடுகிறது. நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்படுவது மிக அரிது. அதனால்தான் இளம் வயதினர் ஒருவருக்கு அவசரப்பட்டு அதைப் பொருத்திவிடக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் வாதாடுகிறேன்.

எல்லாரும் பிழைப்பதில்லை. 2012 நவம்பருக்கும் 2013 ஜூலைக்கும் இடையே அமெரிக்காவில் மூன்று பேர் இதனால் திடீரென இறந்தார்கள்.

நம் சங்கத்தினரின் பிள்ளைகள் பலர் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் படிக்கிறார்கள். கோடையில் காட்டுப் பக்கம் போய்வந்தால் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். சில வாரங்கள் கழித்துத் தலைசுற்றலோ மயக்கமோ மூச்சிரைப்போ வந்தால், காட்டுக்குப் போனதை டாக்டரிடம் சொல்லி, அன்றே ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.