வனடேட்டைக் கொதிக்க வெச்சியா, தம்பி?

பிஎச்டி முடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்த புதிதில் நான்கு மாதம் வெள்ளை ஃபிலிமைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புரதங்களை ஜெல்லில் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, தேடும் புரதத்தை ஆன்டிபாடியால் ஃபிலிமில் கோடாகக் காட்டும் சோதனைக்கு வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர், அதைச் செய்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். இரண்டு நாள் பாடுபட்டு, கடைசியில் இருட்டறையில் நின்று, ஒரு கோடாவது விழுமா என்று பார்த்தால் துடைத்து வைத்த மாதிரி இருக்கும்.

நான் தேடியது நெஃப்ரின் என்ற புரதத்தின் வாலில் ஒட்டும் பாஸ்பேட்டை. கிட்னியில் ரத்தம் வடிகிற நுண்குழாய் முடிச்சுகளை வெளியிலிருந்து கட்டிப்பிடித்திருக்கும் செல்களுக்குப் போடோசைட் என்று பெயர். ஒவ்வொன்றும் கால்களைப் பரப்பி, பக்கத்துச் செல்லின் கால்களோடு விரல் கோத்த மாதிரி நிற்கும், நடுவில் சுமார் 40 நானோமீட்டர் இடுக்கு. ஒரு நாளைக்கு 180 லிட்டர் போல நீர் அந்த இடுக்குகள் வழியாகத்தான் வடிகிறது, ஆனால் ஆல்புமின் என்ற புரதம் மட்டும் ரத்தத்தை விட்டுப் போகக் கூடாது. இடுக்கின் குறுக்கே கை நீட்டி நிற்பது நெஃப்ரின். பிறந்ததிலிருந்தே சிறுநீரில் புரதம் ஒழுகும் ஃபின்லாந்துக் குழந்தைகளின் பரம்பரை நோயைத் துருவிப் போய் 1998இல் கார்ல் டிரிக்வாசன் குழு இதைக் கண்டுபிடித்தது.

பாடப் புத்தகத்தில் இதைச் சல்லடை என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது, எந்தச் சல்லடை தன் கண்ணைத் தானே பார்த்துச் சரிசெய்கிறது? நெஃப்ரினுக்கு வெளியே கை, செல்லுக்கு உள்ளே வால். ஃபின் என்ற என்சைம் அந்த வாலில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஒட்டிவிட்டால் என்சிகே என்ற புரதம் வந்து அதில் உட்காரும், அதைப் பிடித்துக்கொண்டு ஆக்டின் இழைகள் வளரும், கால்களின் வடிவம் நிற்பது அந்த இழைகளால்தான். டோனி பாசன் ஆய்வகம் 2006இல் காட்டியது இது. போடோசைட்டில் என்சிகே இல்லாத எலிகளுக்குக் கால்களே ஒழுங்காக அமையவில்லை, புரதம் ஒழுகியது.

எங்கள் ஆய்வகத்தில் இந்தச் செல்களை 33 டிகிரியில் பெருக்கி, அப்புறம் 37க்கு மாற்றி, 10 முதல் 14 நாள் முதிர விடுவோம். வளர்ப்புத் தட்டில் நெஃப்ரின் குறைந்துபோகும் என்பதால் ஜீனை நாங்களே உள்ளே விடுவோம். பிறகு மேலே ஆன்டிபாடி ஊற்றி நெஃப்ரின்களை ஒன்றாகக் கூட்டினால் வாலில் பாஸ்பேட் ஏற வேண்டும். 2, 5, 10 நிமிடத்தில் ஐஸ் மேல் வைத்துச் செல்லை உடைத்துப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது.

முதலில், பிளாட்டில் கோட்டைக் காட்ட வேண்டிய ஆன்டிபாடியைத் திட்டினேன். என் ஒரு மாத வாடகையைவிட விலை கூடிய இன்னொரு குப்பி வாங்கினோம், அதுவும் வெள்ளை. மழைக் காலத்தில் ஒரு ராத்திரி கரன்ட் போய் இன்குபேட்டர் நின்று, இரண்டு வாரச் செல் பாழ். ‘நம் செல்களில் இந்த சிக்னல் நடப்பதில்லை’ என்று மீட்டிங்குக்கு ஸ்லைடே தயார் செய்துவிட்டேன்.

மேல் மாடி ஆய்வகத்தில் ஒரு டெக்னீஷியன் அக்கா இருந்தார், கோலார் தங்கவயல்காரர், பாதித் தமிழ் பாதிக் கன்னடம். நாலு மணி டீயின்போது அவரிடம் புலம்பினேன்.

“வனடேட்டைக் கொதிக்க வெச்சியா, தம்பி?”

“எதை?”

செல்லை உடைக்கும் கரைசலான லைசிஸ் பஃபரில் சோடியம் ஆர்த்தோவனடேட் போடுவோம். செல்லை உடைத்ததும் உள்ளே இருக்கும் பாஸ்படேஸ் என்சைம்கள் பாஸ்பேட்டை வெட்டித் தள்ளிவிடும், அதைத் தடுக்கத்தான் இது. ஃபிரிட்ஜில் எனக்கு முன்னால் இருந்தவர் கரைத்து வைத்த பாட்டில், லேசான மஞ்சள் நிறம். நான் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் அக்கா வந்து பக்கத்தில் நின்று புதிதாகச் செய்ய வைத்தார். பிஎச் 10க்குக் கொண்டுவா, மஞ்சளாகும், கொதிக்க வை, தண்ணீர் மாதிரித் தெளியும், ஆற வை, மறுபடி பிஎச் பார், மறுபடி மஞ்சளானால் மறுபடி கொதி. மஞ்சள் என்றால் வனடேட் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகக் கிடக்கிறது என்று அர்த்தம், கொத்தாக இருந்தால் அது வேலைக்கு ஆகாது. அதாவது பாஸ்பேட் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் தினமும் ஐஸ் மேல் வைத்து அதை அழித்துக்கொண்டிருந்தேன்.

“அப்புறம், ஆன்டிபாடி கண்ட இடத்துல ஒட்டாம மெம்பிரேனை பால்ல பிளாக் பண்றியா?”

“ஆமாக்கா.”

“பால்ல இருக்கிற கேசின் புரதத்துலயே பாஸ்பேட் இருக்கு. பிஎஸ்ஏ போடு, அதான் மாட்டு ஆல்புமின். பால டீக்கு வெச்சுக்கோ.”

வியாழக்கிழமை நெஃப்ரினின் எடையான 180 கிலோடால்டன் பக்கத்தில், 5 நிமிடக் குழியில், கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. மாடிக்கு ஓடிப்போய்க் காட்டினேன். “வந்துச்சா? சரி, எங்க ஜெல் டேங்கை எடுத்துட்டுப் போனியே, கழுவிக் கொண்டா” என்றார். அந்த ஸ்லைடை அழிக்கவில்லை, இன்னும் என் லேப்டாப்பில் கிடக்கிறது. எதையாவது ‘இல்லை’ என்று எழுதும் முன் ஒரு தடவை திறந்து பார்ப்பேன்.

2024இல் ஒரு கட்டுரை வந்தது, நெரிசலான மெட்ரோவில் நின்றபடியே படித்தேன். மினிமல் சேஞ்ச் என்று ஒரு கிட்னி நோய், குழந்தைகளுக்கு நிறைய வரும், முகமெல்லாம் வீங்கும். சாதாரண மைக்ராஸ்கோப்பில் குறையே தெரியாது என்பதால்தான் அந்தப் பெயர், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மட்டும் போடோசைட் கால்கள் தட்டையாகிக் கிடக்கும். இந்த நோயாளிகள் பலருடைய ரத்தத்தில் தங்கள் நெஃப்ரினையே தாக்கும் ஆன்டிபாடி இருக்கிறதாம். எலிகளுக்கு நெஃப்ரினை ஊசியாகப் போட்டு அதே ஆன்டிபாடியை உண்டாக்கியபோது நோயும் வந்தது, நெஃப்ரினில் பாஸ்பேட்டும் ஏறியது. சோதனைக்காக நான் பிப்பெட்டில் ஊற்றிய அதே சங்கதியை அந்தக் குழந்தைகளின் உடம்பு தானாகவே செய்துகொண்டிருக்கிறது. இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிவிட்டேன்.

அக்கா இப்போது ரிடையர் ஆகி ஊரோடு இருக்கிறார். போனில் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவங்களாவது வனடேட்டைக் கொதிக்க வெச்சாங்களாமா?” என்றார்.