கிடைக்குப் பட்டா இல்லை

செட்டிநாட்டு வானம் பார்த்த பூமியில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு போகந்தான். புரட்டாசியில் புழுதி விதைப்புச் செய்து, ஐப்பசி கார்த்திகை மழைக்குக் கண்மாய் பெருகினால் தையில் அறுவடை முடிந்துவிடும். அதன் பிறகு அடுத்த ஆடி வரை வயல் சும்மாதான் கிடக்கும். அந்த ஆறேழு மாதமும் நிலத்திலிருந்து ஏதாவது வருமானம் எடுக்கத் தெரிந்தவர்கள் கீதாரிகள், அதாவது எருவுக்காக இரவில் வயலில் அடைக்கும் கிடை ஆடுகளை ஊர் ஊராக ஓட்டிச் செல்லும் ஆட்டுக்காரர்கள். அறுத்த தாளையும் வரப்புப் புல்லையும் உதிர்ந்த நெற்றையும் தின்று ஆடு வளர்கிறது, இரவில் அதே நிலத்தில் படுத்து எருவைத் தருகிறது. ஆட்டுக்காரருக்குக் குட்டியும், எருவுக்காக வயல்காரர் தரும் கிடைக்கூலியும் மிஞ்சுகின்றன. இதில் யாரும் தீவனம் வாங்குவதில்லை, எருவை ஏற்றிச் செல்ல வண்டி வைப்பதுமில்லை.

கல்லல் பக்கம் எங்கள் சித்தப்பா வயலில் ஆடி மாதக் கடைசியில் கிடை போட்டிருந்தபோது ஓர் இரவு முழுவதும் அங்கே இருந்து பார்த்தேன். பொழுது சாய்ந்ததும் ஆடுகளை ஒரு மூலையில் ஒடுக்கிச் சுற்றிலும் நைலான் வலையை நட்டார்கள். பால்குட்டிகளைத் தனியே பிரித்துக் குடாப்பு என்னும் கவிழ்த்த கூடைக் கூண்டுக்குள் விட்டார்கள். விடிவதற்கு முன்பே கீதாரி எழுந்து, படுத்திருந்த ஆடுகளை ஒவ்வொரு பக்கமாகக் கிளப்பி, சற்று நேரம் வலைக்குள்ளேயே நிற்க விட்டார். எழுந்ததும் ஆடு புழுக்கையும் மூத்திரமும் போடும், அது வழியில் வீணாகாமல் கூலி கொடுத்தவர் வயலிலேயே விழ வேண்டும் என்பது கணக்கு. மறுநாள் மாலை வலை அடுத்த துண்டுக்கு நகர்ந்தது. இன்னும் இரண்டு நாள் அங்கேயே போடலாமே என்று சித்தப்பா கேட்டதற்கு, “ஒரே எடத்துல ரெண்டு ராத்திரிக்கு மேல போட்டா நெல்லு சாஞ்சுபோகும்ணே” என்று கீதாரி மறுத்துவிட்டார். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் பயிர் கொழுத்துச் சாயும் என்பதை அவர் எந்தத் துண்டறிக்கையிலும் படித்திருக்க மாட்டார்.

எருவின் மதிப்பைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். சாதாரணத் தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 விழுக்காடு, ஆட்டெருவில் சராசரியாக 3 விழுக்காடு, அதோடு மணிச்சத்து (பாஸ்பரஸ்) 1, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 2 விழுக்காடு என்று வேளாண் கையேடுகள் சொல்கின்றன. ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று சம்சாரிகள் சொல்வதும் இதையொட்டித்தான். ஆக ஒரு டன் ஆட்டெருவில் 30 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அதே அளவுக்கு 65 கிலோ யூரியா வேண்டும். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று மானிய விலையில் கிடைப்பதால், அந்தத் தழைச்சத்தின் சந்தை மதிப்பு 400 ரூபாயைக்கூடத் தொடுவதில்லை. மானியத்தை எடுத்துவிட்டால் மூட்டையின் விலை பல மடங்கு ஏறும். அந்த வித்தியாசத்தை அரசு உர நிறுவனத்துக்குக் கொடுக்கிறது. அதே சத்தை வயலிலேயே கொண்டுவந்து சேர்க்கும் கீதாரிக்கு அதில் ஒரு பைசா கிடையாது. கிடைக்கூலி ஏன் உயர மறுக்கிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. மணிச்சத்தையும் சாம்பல் சத்தையும், மண்ணில் சேரும் கரிமத்தையும், வலைக்குள் இறங்கிய மூத்திரத்தையும் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கால்நடைத் துறையின் கணக்கோ இறைச்சியோடும் பாலோடும் முடிந்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 45 இலட்சம் செம்மறியாடுகளும் ஏறத்தாழ 99 இலட்சம் வெள்ளாடுகளும் இருந்தன. அவற்றில் வீட்டுக் கொட்டிலில் நிற்பவை எத்தனை, ஊர் ஊராகக் கிடை நகர்பவை எத்தனை என்று அந்த எண்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. செட்டிநாட்டுச் சமையல் என்று ஊரெங்கும் பலகை மாட்டிக் கறிக்குழம்பு விற்கிறவர்களும் அந்தக் கறி எங்கே மேய்ந்தது என்று கேட்பதில்லை. அது வேறு கதை.

சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் கிடைகள் நம் ஊரோடு நிற்பவையுமல்ல. தை, மாசியில் இங்கே தாள் தீர்ந்ததும் தஞ்சைப் பக்கம் கிளம்பிவிடும். அங்கே கோடை முழுவதும் வயல் வயலாகத் தங்கி, மழைக்கு முன் மேட்டு நிலத்துக்குத் திரும்பும். அந்த ஏற்பாடும் இப்போது இறுகிவருகிறது. சம்பா அறுவடைக்கு முன்பே ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுகிற வயலில் அந்தப் பயிர் எடுக்கும் வரை ஆடு இறங்க முடியாது. இயந்திரம் அறுத்துப்போட்ட வைக்கோலை இன்னோர் இயந்திரம் உருளையாகக் கட்டி ஏற்றிவிடுகிறது, மிஞ்சுவது அடித்தாள்தான். விவசாயியைக் குறை சொல்வதற்கில்லை, வைக்கோலுக்கு விலை இருக்கும்போது அவர் விற்கத்தான் செய்வார்.

வயலில் இடம் சுருங்கும்போது கை கொடுக்க வேண்டியது ஊர்ப் பொது நிலம். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும், ஊர் நிலங்களின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டைப் புரட்டினால் மேய்க்கால் (மேய்ச்சல்) புறம்போக்கு, மந்தை, கண்மாய் என்று வகை வகையாக எழுதியிருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் மேய்க்காலில் ஏதாவது கட்டடம் நிற்கும், அல்லது யாரோ வேலி போட்டிருப்பார்கள். கண்மாய்க்குள் நீர் தேங்கும் உள்வாயில் 1981இல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் கருவேல மரம் வைத்தார்கள். கன்று வளரும் வரை ஆட்டுக்குத் தடை. வளர்ந்த பின் கருவேல நெற்று நல்ல தீனி என்பதையும் சொல்ல வேண்டும். தைலமரத்தில் அந்த ஆறுதல்கூட இல்லை. அதன் இலையை ஆடு தொடாது, அடியில் புல்லும் சரியாக முளைக்காது. இராமநாதபுரம் பக்கம் கமுதியில் 2016இல் திறந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரை வேலிக்குள் வைத்திருக்கிறது. அத்தனை பெரிய மானாவாரிப் பரப்புக்குள் இனி எந்தக் கிடையும் போக வழியில்லை.

செட்டிநாட்டுக்கென்று ஒரு தனிச் சங்கதியும் உண்டு. நிலத்துக்கு உடையவர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார். வயல் ஆண்டுக்கணக்கில் உழவில்லாமல் கிடக்கும். ஆடு மேய்வதை அவரும் தடுப்பதில்லை, அனுமதித்ததாகவும் எழுத்தில் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கீதாரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேய்த்துக்கொள்வார். இந்த ஏற்பாடு இருபது ஆண்டுகள்கூட ஓடும். ஒரு நாள் நிலம் கைமாறி, மனைப்பிரிவு போட்டுக் கல் ஊன்றிக் கம்பி கட்டினார்களென்றால் அன்றோடு சரி. கிரயப் பத்திரத்தில் மேய்ச்சலைப் பற்றி ஒரு வரியும் இருக்காது, இருக்கவும் முடியாது. எருவைக் கொடுத்துத் தாளை வாங்கிக்கொண்ட வாய்மொழி ஒப்பந்தந்தான் கீதாரிக்கு இருந்த ஒரே நில உரிமை. எரு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதுவும் தீர்ந்துபோகிறது.

சட்டம் இவர்களை அடியோடு மறந்துவிட்டது என்று சொல்வது சரியாகாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(ஈ) பிரிவு, நிலையாக மேய்ப்பவர்கள், இடம்பெயர்ந்து மேய்ப்பவர்கள் ஆகிய இரு சாராரின் மேய்ச்சலையும் சமூக உரிமையாக ஏற்கிறது. ஆனால் பழங்குடியினர் அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து அங்கேயே வாழ்ந்ததாக நிறுவ வேண்டும். ஆண்டில் பாதியை அயல் மாவட்ட வயல்களில் கழிப்பவர் அதற்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? 2022 மார்ச்சில் மேகமலை தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, சில நாட்களிலேயே அதைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குச் சுருக்கியது. ஊர்ப் பொது நிலத்தைப் பொறுத்தவரை, 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆக்கிரமிப்புகளை அகற்றி நிலத்தை ஊருக்கே திருப்பித் தரத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் மேய்க்காலை மீட்டு ஊரிடம் கொடுத்தாலும், அங்கே வந்து தங்கும் கீதாரி அந்த ஊர்க்காரர் இல்லையே.

இந்த மேய்ச்சல் மண்ணுக்குக் கேடு என்ற பேச்சும் உண்டு. அதில் ஒரு பங்கு உண்மை. ஆடு வாயிலிருந்து வரும் மீத்தேன் பொய்யில்லை. தொரட்டியால் மரத்தை மொட்டையாக வளைத்துப் போடும் ஆட்டுக்காரர்களை நானே பார்த்திருக்கிறேன். சீமைக் கருவேல நெற்றைத் தின்று விதையை ஊர் ஊராகப் பரப்பியதில் ஆடுமாடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் தானியமும் தண்ணீரும் செலவழித்துத் தீவனம் வளர்க்கும் பண்ணையையும், மனிதர் தின்ன முடியாத தாளையும் களையையும் இறைச்சியாக்கும் கிடையையும் ஒரே தராசில் நிறுப்பது முறையில்லை. ஒரே இடத்தில் நிலைத்து மேய்ந்தால்தான் நிலம் தேயும். கிடை நகர்ந்துகொண்டே இருப்பதால் புல்லுக்கு மூச்சுவிட அவகாசம் கிடைக்கிறது. போகும் வழியை அடைத்து இருக்கிற துண்டு நிலத்தில் மந்தையை நெருக்கிவிட்டுப் பிறகு மிகை மேய்ச்சல் என்று புகார் எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மானாமதுரைப் பக்கத்துப் புலிக்குளம் மாட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மஞ்சுவிரட்டில் அதைக் கொண்டாடுகிறோம். அது கிடை மாடாக மேய்ந்து, வயலுக்கு எருப் போட்டு உருவான இனம் என்பதைச் சிராவயல் பொட்டலில் கூடும் கூட்டத்தில் எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்று தெரியவில்லை. மேய இடமில்லாமல் வாடிவாசலுக்கு மட்டும் ஓர் இனத்தைக் காப்பாற்றிவிட முடியாது.

ஐக்கிய நாடுகள் அவை 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் மேய்ப்பர்களின் கால்நடைகளைத் தனியே பதியும் ஏற்பாடு முதன்முறையாகச் செய்யப்பட்டது. எண்ணிக்கை வந்தால் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் நீலநாக்கு நோய்க்கும் தடுப்பூசியை எந்த ஊரில், எந்த மாதத்தில் கொண்டுபோய்ப் போடுவது என்றாவது திட்டமிடலாம். அதற்கு மேல் ஊராட்சியே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: எந்த மேய்க்காலிலும் கண்மாய் உள்வாயிலும் எந்த மாதங்களில் வெளியூர்க் கிடை தங்கலாம் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது. மே 1 கிராம சபையின்போது நம் பக்கத்துக் கீதாரிகள் தஞ்சைப் பக்கம் இருப்பார்கள். அக்டோபர் 2 கூட்டம் புரட்டாசியில் வருகிறது. அப்போது பெரும்பாலான கிடைகள் ஊர் திரும்பியிருக்கும். தீர்மானத்தை அந்தக் கூட்டத்துக்கு வைத்தால் அவர்களும் வந்து உட்கார்ந்து பேசலாம்.