புள்ளி மறைந்த பிறகும் ஏழு நாள்

மார்கழியில் கிருஷ்ணகிரிக்குப் போனபோது தொட்டியில் வளர்க்க நாலு கருப்பு மோலி மீன் வாங்கினேன். பாலித்தீன் கவரோடு பஸ் ஏறித் தருமபுரி வந்து சேர இருட்டிவிட்டது. கவரை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, ஏற்கெனவே ஆறு கப்பி மீன் இருந்த 60 லிட்டர் தொட்டியில் நேராக விட்டேன். தவறு அங்கேதான்.

மூன்றாம் நாள் ஒரு மோலி துடுப்பை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடியது. இன்னொன்று திரும்பத் திரும்பப் போய்ச் சரளைக் கல்லில் விலாவை உரசியது. தீனியை வாயில் வாங்கித் துப்பியது. இரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். கருப்பு வாலில் ரவை ஒட்டியதுபோல் ஐந்தாறு வெள்ளைப் புள்ளிகள். பொன்துகள் தூவினாற்போல் இருந்தால் அது வெல்வெட் என்ற வேறு நோய். இவை எண்ணிவிடக்கூடிய புள்ளிகள். இக் என்கிற வெள்ளைப்புள்ளி நோய்.

காரிமங்கலத்தில் மீன் வளர்க்கும் நண்பருக்குப் போட்டோ அனுப்பினேன். "அண்ணா, புதுசை மட்டும் எடுத்து வெளிய வச்சா ஆகாது, மொத்தத் தொட்டிக்கும் பாருங்க. புள்ளி போயிடுச்சுன்னு பாதியில விட்டுடாதீங்க" என்றார். கிருமி மீனின் தோலுக்கடியில் இருக்கும்வரை, மருந்தாகப் போடும் உப்பு அதை ஒன்றும் செய்யாது. முற்றி உதிர்ந்து அடியில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கில் பிரியும். அவை அடுத்த மீனைத் தேடி நீந்தும் ஒன்றிரண்டு நாளில்தான் கொல்ல முடியும். சூடு கூடினால் இந்தச் சுற்று வேகமாக ஓடும்.

என் தொட்டியில் அப்போது 22 டிகிரி. ஹீட்டர் போட்டு, நாளுக்கு இரண்டு டிகிரி வீதம் 30 வரை ஏற்றினேன். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் இன்னொன்று போட்டேன். அயோடின் சேர்க்காத கல் உப்பு லிட்டருக்கு 2 கிராம், ஆக 120 கிராம். மூன்று பங்காக்கி, மக்கில் கரைத்து, 12 மணி நேர இடைவெளியில் ஊற்றினேன். மோலியும் கப்பியும் உப்பைத் தாங்கும். லோச், கோரிடோரஸ் மீன்கள் இருக்கிற தொட்டியில் தயவுசெய்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள். கபோம்பா செடி கருகியது, போகட்டும். ஒன்றுவிட்டு ஒருநாள் சைபன் குழாயால் சரளையைத் துழாவி 20 லிட்டர் எடுத்துவிட்டு, ஒருநாள் முன்பே பிடித்துவைத்த தண்ணீரை அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, 40 கிராம் உப்போடு ஊற்றினேன்.

முதல் வாரம் கொடுமை. புள்ளி கூடியது, கப்பிகளுக்கும் வந்தது. ஐந்தாம் நாள் காலை, முந்தின இரவு மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மோலி செத்துக் கிடந்தது. அதன் செவுளுக்குள்ளும் புகுந்திருக்க வேண்டும். என் அவசரத்துக்கு அது பலியானது இன்னும் உறுத்துகிறது.

பத்தாம் நாள் ஒரு மீனிலும் புள்ளி இல்லை. ஹீட்டரை அணைக்கக் கை போய்விட்டது. நண்பர் சொன்னது ஞாபகம் வர, மேலும் ஏழு நாள் அதே சூடு, அதே உப்பு. அப்புறம்தான் தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைக் குறைத்தேன். திரும்ப வரவில்லை.

இப்போது ஹாலில் ஒரு 25 லிட்டர் டப் இருக்கிறது. அதற்கான ஸ்பாஞ்ச் ஃபில்டர் சும்மா இருக்கும் நாட்களில் பெரிய தொட்டியிலேயே ஓடும். வலை, மக் எல்லாம் தனி. ஈர வலையிலேயே நோய் தாவிவிடும். புது மீன் எதுவானாலும் நாலு வாரம் அதில்தான். போன வாரம் இரண்டு பிளாட்டி வந்திருக்கின்றன. தினமும் இரவு டார்ச் அடித்துப் பார்க்கிறேன், நேற்றுவரை சுத்தம்.