கொரங்காட்டுப் புல்லை நிறுத்துப் பார்த்தேன்

மழைக்காலம் முடிந்து கொரங்காடு, அதாவது வேலி கட்டி மேய்ச்சலுக்கென்றே விட்டிருக்கும் புல்காடு, பசேலென்று நிற்கையில் "மாசி கடைசி வரைக்கும் தாங்கும்" என்று அப்பா கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். காங்கேயம் பக்கம் பல வீடுகளில் இதுதான் கணக்கு. எங்கள் நாலு ஏக்கரில் 40 செம்மறி மேய்த்துக்கொள்ளக் குத்தகை கேட்டு ஒருவர் வந்தார். விடலாமா வேண்டாமா என்று தெரிய, அறுத்து நிறுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பிவிசி பைப்பில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம். நான்கு பக்கமும் மூடிய சட்டம் கொழுக்கட்டைப்புல் தூருக்குள் இறங்காது, மேலேயே நிற்கும். அதனால் ஒரு பக்கத்தைத் திறந்தே விட்டுத் தூருக்குள் செருகினேன்.

எங்கே வைப்பது என்பதில்தான் முக்கால்வாசி சூட்சுமம். கண் தானாக நல்ல புல்லைத்தான் தேடும். அதற்கு இடம் கொடுக்காமல், கிளுவை வேலியின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு வளைந்து வளைந்து நடந்து, குறிப்பிட்ட எண்ணிக்கைக் காலடிக்கு ஒரு தடவை கால் நின்ற இடத்திலேயே வைத்தேன். வாசல் படலுக்குப் பக்கத்தில் மாடு மிதித்து வெறும் மண். அங்கே பூஜ்யம், அதையும் சராசரியில் சேர்க்க வேண்டும். வெள்வேல மரத்தடியில் சில இடங்களில் அரை கிலோ தாண்டியது.

மாடு மண்ணோடு ஒட்ட மேயாது என்பதால் நாலு விரல்கடை விட்டு அறுத்தேன். ஆவாரை, போன வருஷத்துச் சருகு, உதிர்ந்த வேல இலை எல்லாம் நிறுவையில் சேராது, மாடு தின்னும் நரிப்பயற்றங்கொடி சேரும்.

பச்சை எடை சராசரி 300 கிராம். ஆனால் பச்சை எடையை நம்பக் கூடாது, பனி விழுந்த காலையில் அறுத்தால் தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கிறோம். எல்லாவற்றையும் கலந்து, 100 கிராம் எடுத்துப் பொடியாக நறுக்கி மைக்ரோவேவ் அடுப்பில் காய வைத்தேன். கூடவே ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பது கட்டாயம், இல்லாவிட்டால் புல் தீப்பிடிக்கும். முதலில் மூன்று நிமிடம், அப்புறம் ஒவ்வொரு நிமிடமாக, எடை குறைவது நிற்கும் வரை. வீடு முழுக்க வைக்கோல் வாசம்; அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. மிஞ்சியது 37 கிராம்.

ஆக, சதுர மீட்டருக்கு உலர் எடை 111 கிராம். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். ஏறக்குறைய 450 கிலோ. நாலு ஏக்கருக்கு 1,800. அதில் பாதியைத் தொடக் கூடாது. தூரில் பசுமை மிஞ்சினால்தான் அடுத்த மழைக்குப் புல் துளிர்க்கும், மண்ணும் அரிக்காது. மேயக் கிடைப்பது 900 கிலோ.

மாடு ஒரு நாளைக்குத் தன் எடையில் 2.5 சதவீதம் அளவுக்கு உலர்தீவனம் தின்னும். 320 கிலோ பசுவுக்கு 8 கிலோ. எங்கள் இரண்டு பசுக்களுக்கு 56 நாள். மார்கழி நடுவில் அளந்ததால் மாசி பத்துத் தேதி வாக்கில் தீர்ந்துவிடும். அப்பா சொன்ன மாசி கடைசி எப்படி? இரவில் போடும் சோளத்தட்டையும் அவர் சேர்த்திருக்கிறார்!

செம்மறிக்குத் தலைக்கு ஒரு கிலோ வைத்தாலும், 40 உருப்படி தனியாக மேய்ந்தாலே 22 நாளில் காடு காலி. குத்தகை இல்லை என்று சொல்லிவிட்டோம்.

இது நிற்கிற புல்லின் கணக்குதான், வருஷத்து விளைச்சல் அல்ல. அதற்கு, மாடு வாய் வைக்காதபடி இரண்டு மூன்று இடங்களில் வேலமுள் வெட்டிப்போட்டு அடைத்திருக்கிறேன். கோடை மழை பெய்து புல் தழைத்ததும் அவற்றுக்குள்ளும் வெளியிலும் அறுத்து நிறுக்க வேண்டும்.