இரவல் எண்ணிக்கை ஒரே அப்டேட்டில் நிரம்பிவிட்டது

எங்கள் படிப்பகத்துக்காக ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையச் செயலி எழுத உதவும் கட்டமைப்பு) எழுதிவரும் செயலியில், புத்தக டேபிளுக்கு ‘மொத்த இரவல்’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்திருந்தேன். பழைய இரவல் பதிவுகளை எண்ணி அதை நிரப்பும் வேலை ஒரே எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் பேசும் மொழி) வாக்கியத்தில் முடிந்துவிட்டது. லூப் இல்லை, ஒரு புத்தகத்தைக்கூடப் பைத்தானுக்குள் இழுக்கவில்லை. சந்தோஷம் தாங்கவில்லை!

அப்டேட்டுக்குள் எஃப் (ஒரு நெடுவரிசையின் மதிப்பைத் தரவுத்தளத்திலேயே சுட்டுவது) வைத்து இன்னொரு டேபிளைத் தொட ஜாங்கோ விடாது. ஜாயின், அதாவது இரண்டு டேபிள்களை இணைப்பது, வந்தாலே ஃபீல்ட்எரர் என்ற பிழைதான். எண்ணிச் சொல்லும் கவுன்ட்டை நேராகக் கொடுத்தாலும் அதே கதை. ஜாங்கோ 2.2இல் வந்த, பல பதிவுகளை ஒன்றாக மாற்றும் பல்க் அப்டேட் இருக்கிறது. ஆனால் எல்லாப் புத்தகங்களையும் மெமரிக்கு ஏற்றி, ‘இந்தப் புத்தகமென்றால் இந்த எண்’ என்று அடுக்கும் நீண்ட கேஸ்–வென் வாக்கியமாகத் திருப்பி அனுப்பும் அந்த முறை எனக்குப் பிடிக்கவே இல்லை.

மிச்சம் சப்குவெரியும் (வினவலுக்குள் ஒரு வினவல்) அவுட்டர்ரெஃப்பும் (வெளி வினவலின் புத்தகத்தை உள்ளிருந்து சுட்டுவது). இரவல் டேபிளை அந்தந்தப் புத்தகத்துக்கு வடிகட்டி, வேல்யூஸில் (எந்த நெடுவரிசை வேண்டும் என்பது) புத்தகம், அனோடேட்டில் (கணக்கிட்ட மதிப்பைச் சேர்ப்பது) கவுன்ட், மறுபடியும் வேல்யூஸில் அந்த எண் மட்டும். முதல் வேல்யூஸ்தான் குரூப் பை, அதாவது புத்தகவாரியாகத் தொகுப்பது, ஆகிறது. இரண்டாவது, ஒரே நெடுவரிசையைத் திருப்பித் தருவதற்கு. நடுவில் வரிசைப்படுத்தலை நீக்கும் வெற்று ஆர்டர்பை ஒன்றும் போடுகிறேன். 3.1க்கு முந்தைய ஜாங்கோவில் மாடலின் மெட்டா பகுதியில் எழுதிய இயல்பு வரிசைமுறை குரூப் பைக்குள் நுழைந்து எண்ணிக்கையைச் சிதைத்துவிடும். இப்போது அந்தத் தொல்லை இல்லை, இருந்தாலும் விடமாட்டேன்.

அசல் சிக்கல் யாருமே எடுக்காத புத்தகங்களில்தான். கவுன்ட் என்றால் 0 வரும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. பதிவே இல்லாதபோது குரூப்பும் இல்லை, சப்குவெரி தருவது நல், அதாவது மதிப்பே இல்லாத வெற்றிடம். நெடுவரிசை நல்லை ஏற்காது என்றால் இன்டெக்ரிட்டிஎரர் என்ற பிழை வந்து மொத்த அப்டேட்டும் விழுந்துவிடும். சப்குவெரியைக் கோஅலெஸ்ஸுக்குள் (நல் வந்தால் மாற்று மதிப்பைத் தருவது) வைத்து 0 கொடுத்ததும் சரியாகிவிட்டது. வேகத்துக்கும் குறையில்லை, இரவலைப் புத்தகத்தோடு இணைக்கும் ஃபாரின்கீக்கு, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸை ஜாங்கோவே போட்டுவிடுகிறது.

இன்னொன்று: இப்படி அப்டேட் செய்தால் மாடலின் சேவ் ஓடாது, சேமித்ததை மற்ற நிரலுக்கு அறிவிக்கும் சிக்னல் வராது, திருத்திய நாளைத் தானே பதியும் ஆட்டோநவ் தேதியும் மாறாது. எனக்கு அதுதான் வேண்டும். எண்ணிக்கை நிரப்பியதற்காக எல்லாப் புத்தகமும் இன்று திருத்தியதாகக் காட்டக் கூடாது.

இதை, பைத்தான் நிரலை ஓட்டும் ரன்பைத்தானாக, தரவுத்தள மாற்றங்களை எழுதும் தனி மைக்ரேஷன் கோப்பில் வைத்தேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் நெடுவரிசை மாற்றத்தையும் தரவு மாற்றத்தையும் ஒரே கோப்பில் கலப்பது வம்பு. வாடகை சர்வரில் இன்னும் ஓட்டவில்லை.  

அப்புறம், ஜாங்கோ 5.0இல் வந்த, மதிப்பைத் தரவுத்தளமே கணக்கிடும் ஜெனரேட்டட்ஃபீல்டை இதற்கே பயன்படுத்தலாமா என்று பார்த்தேன். அது தன் பதிவைத் தாண்டி வேறு டேபிளைப் பார்க்காது. ஆகவே புது இரவல் பதிவாகும்போது எஃப் வைத்து ஒன்று கூட்டுவதுதான் அடுத்த வேலை. இரண்டு தன்னார்வலர்கள் ஒரே நேரத்தில் பதிந்தாலும் எண் தவறாது.