கடைசி அத்தியாயத்தில் வந்து சேரும் காதல்

நாவல்களின் கைப்பிரதியைத் திருத்துவது என் வேலை. எனக்கு யார் மீதும் காதலும் வந்ததில்லை, பாலியல் ஈர்ப்பும் வந்ததில்லை. முதலாவதற்கு ஏரோமாண்டிக், இரண்டாவதற்கு ஏசெக்சுவல் என்று பெயர். இரண்டும் ஒன்றல்ல, பாலியல் ஈர்ப்பு இல்லாமலே காதலிக்கிறவர்கள் உண்டு. அலுவலகத்தில் இதைச் சொன்னபோது வந்த முதல் கேள்வி: "அப்புறம் காதல் கதையை எப்படித் திருத்துறீங்க?"

நன்றாகவே திருத்துகிறேன். "அவனைப் பார்த்ததும் அவளுக்குள் என்னவோ செய்தது" என்று ஒரு வரி வந்தால், மற்றவர்கள் தங்கள் அனுபவத்தை இட்டு நிரப்பிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். என்னிடம் இட்டு நிரப்ப ஒன்றுமில்லை. என்ன செய்தது, இவனிடம் மட்டும் ஏன் என்று ஓரத்தில் எழுதிவிடுவேன். பதில் கதைக்குள்ளேயே இருந்தால் ரசித்துத்தான் படிப்பேன். பல சமயம் இருக்காது.

காதல் வராத பாத்திரங்கள் கதைகளில் வராமல் இல்லை. ரோபோவாக, துறவியாக, ஈவிரக்கமற்ற கொலைகாரனாக வருவார்கள். இல்லையென்றால் பழைய காயம் ஒன்று இருக்கும். சரியான ஆள் வந்து ஆற்றிவிடுவார். அமெரிக்கப் படக்கதையான ஆர்ச்சி காமிக்ஸில் நாயகனின் நண்பன் ஜக்ஹெட் ஏசெக்சுவல் என்று 2016இல் வெளிப்படையாகவே சொன்னார்கள். அதை வைத்து 2017இல் தொடங்கிய 'ரிவர்டேல்' தொலைக்காட்சித் தொடரில் அதே ஜக்ஹெட்டுக்கு ஒரு காதலி!

என்னை அதிகம் உறுத்துவது நட்பைக் கையாளும் விதம். பாதி நாவல்வரை கூடவே வந்த தோழி, நாயகிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் காணாமல் போவாள். சண்டை கிடையாது, ஊர் மாறியதும் கிடையாது. "இவள் எங்கே போனாள்?" என்று ஓரத்தில் கேட்டால்தான் எழுதியவருக்கே நினைவு வரும். ஆணும் பெண்ணும் நண்பர்கள் என்றால் இன்னும் மோசம். அந்த நட்பே காதலுக்கு முந்தைய அத்தியாயம் ஆகிவிடும். அதியமான் இறந்தபின் ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டில், கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான் என்று நினைத்து அழுகிறாள். அந்தத் துயரம் நம்மைத் தொட, அவர்களுக்குள் காதல் இருந்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

ஒரு புதிய எழுத்தாளரின் பிரதியில் இதே சிக்கல் வந்தது. ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இருவர். அவள் கடனுக்கு அவன் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறான். அவன் அறுவைசிகிச்சைக்குப் போகும்போது அவள் பதவி உயர்வை விட்டுக்கொடுத்துக் கூட இருக்கிறாள். அருமையாக வந்த கதை, கடைசி அத்தியாயத்தில் திடீரென்று முத்தத்தில் முடிந்தது. "ஏங்க இது?" என்று கேட்டேன். "வாசகர்கள் ஏமாந்துபோவாங்களே" என்றார். காதல் இல்லையென்றால் இத்தனையும் எதற்குச் செய்தார்கள் என்று கேட்பார்களாம். நட்புக்காகச் செய்தார்கள் என்று அதுவரை அவரே நம்பும்படி எழுதியிருந்தார். அந்தப் பக்கங்களையே எடுத்துக் காட்டினேன். யோசித்து, முத்தத்தை எடுத்துவிட்டார். ஜாமீன் போட்ட கடன் அடைந்த நாளோடு நாவலை முடித்தார்.

அத்தோடு தீரவில்லை. விற்பனைப் பிரிவிலிருந்து பின்னட்டைக்கு "நட்பா, காதலா?" என்று ஒரு வரி வந்தது. சண்டை போட்டு அதை எடுக்க வைத்தேன். முன்னட்டை ஓவியத்தில் இருவரும் ஒரே குடைக்குள் ஒட்டி நிற்பதைத்தான் மாற்ற முடியவில்லை. அச்சுக்குப் போய்விட்டதாம்.